உபகாரச் சம்பளமும் உஷ்ணப் பிரதேசத் தோட்டங்களும்

தாழ்த்தப்பட்ட வகுப்பு மாணாக்கர்கள் கடல் கடந்து சென்று உயர்கல்வி பெறும்பொருட்டு இந்திய சர்க்கார் வழங்கிவரும் தேசிய அயல்நாட்டு உபகாரச் சம்பளத்தைப் பற்றி 2025-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் எழுந்த கிளர்ச்சியை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் 106 பேர். அவர்களுள் 40 பேருக்கே அப்பொழுது தாற்காலிக அனுமதிக் கடிதம் கிட்டியது. எஞ்சிய 66 பேருக்கு, நிதி இருப்பதைப் பொறுத்துக் கடிதம் அனுப்பப்படலாம் என்று அறிவிக்கப்பட்டது. ‘அனுப்பப்படலாம்’ என்னும் சொல்லின் மதிப்பு யாதென்பதைச் சட்டம் பயின்றோர் நன்கறிவர். அது எவரையும் எதற்கும் கட்டுப்படுத்தாத சொல். மேல்நாட்டுச் சர்வகலாசாலைகள் பலவற்றில் செப்டம்பர் மாதத்திலேயே வகுப்புகள் துவங்கிவிடுகின்றன. அதற்கு முன்பே சம்பளப் பணத்தைக் கட்டி, பிரயாண அனுமதியும் பெற்றாக வேண்டும். வருஷ வருமானம் 8 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்களுக்கென்று வகுக்கப்பட்ட உதவி இது. அத்தகைய குடும்பத்துப் பிள்ளை, பணம் பின்னால் வரக்கூடும் என்ற நம்பிக்கையில் கப்பலோ விமானமோ ஏறிவிட முடியுமா?

நாம் இன்று பிரஸ்தாபிக்க விரும்புவது தொகையைப் பற்றி மட்டுமன்று. எவ்வித்தையைக் கற்க நம்மவர் வெளிநாடு செல்கின்றனர், எதற்குச் செல்லாமலிருக்கின்றனர் என்பதையும் கவனிக்க வேண்டும். கம்ப்யூட்டர் சாஸ்திரத்துக்கும் வியாபார நிர்வாகத்துக்கும் ஆட்கள் குறைவில்லை. உஷ்ணப் பிரதேசத் தோட்டக்கலையையும், நிலவெளி அமைப்புக் கலையையும் நாடிச் செல்வோர் மிகச் சிலரே. தோட்டம் போடவா கடல் கடக்க வேண்டும் என்று நகைப்போரும் உண்டு.

நகைப்போர் ஒரு முறை தாம்பரத்திலிருந்து வேளச்சேரி செல்லும் பாட்டையில் ராஜகீழ்ப்பாக்கம் வரையில் வந்து பார்க்கலாம். ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், சிட்லபாக்கம், மாடம்பாக்கம் என்று இப்பக்கத்து ஊர்கள் யாவும் ஏரியை நம்பித் தோன்றியவை. செம்பாக்கத்து ஏரியின் உபரிநீர் நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என்ற வரிசையில் இறங்கிப் பள்ளிக்கரணைச் சதுப்பைச் சேர்கிறது. அச்சதுப்பு 2022-ஆம் ஆண்டில் ராம்சார் பட்டியலில் ஏற்றப்பட்டது. பாசனம் மறைந்து வீடுகள் பெருகியபின் ஏரிகளுக்குச் சாக்கடையே வரத்தாயிற்று. 2015-ஆம் வருஷத்து மழையில் முடிச்சூரும் வரதராஜபுரமும் பட்ட பாட்டை இப்பகுதி ஜனங்கள் மறக்கவில்லை. நீர் எவ்வழி ஓடும், மண் எவ்வளவு உறிஞ்சும், கரையில் எம்மரம் வேர்பிடிக்கும், பாட்டை எங்கே தாழவேண்டும் என்பவற்றை ஒருங்கே வைத்து யோசிப்பதே நிலவெளி அமைப்புக் கலை. பூச்சட்டி அடுக்குவது அக்கலையன்று. ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்து 2021-இல் தாம்பரம் மாநகராட்சி அமைக்கப்பட்டபோது, பல ஏரிகளும் ஒரே நிர்வாகத்தின்கீழ் வந்தன. ஒன்றாக யோசிக்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் வேறு கிட்டாது.

மரம் நடும் விஷயத்தில் நாம் கண்ட அனுபவமும் இதையே வற்புறுத்துகிறது. 2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல் சென்னையைத் தாக்கியபோது ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. நிழலுக்கும் பூவின் நிறத்துக்குமாக விரைவில் வளரும் அந்நிய மரங்களைத் தெருவோரம் நட்டு, அடியைச் சிமெண்டால் மூடி, வேருக்கு மூச்சுவிட இடமில்லாமற் செய்த பிறகு, காற்றைக் குறைகூறிப் பயனில்லை. அதற்குப் பின்னும் நாம் திருந்தினோமா? கொனோகார்ப்பஸ் என்னும் செடியைப் பசுமைக்கு எளிய வழியென்று எங்கும் நட்டார்கள். 2025-இல் தமிழ்நாட்டு சர்க்காரே அதை நடக்கூடாதென்று உத்தரவிட நேர்ந்தது. நடுவதற்கு ஒரு செலவு, பிடுங்குவதற்கு மறு செலவு!

இதற்கு மாறான காட்சியும் அருகிலேயே உண்டு. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி 1937-இல் நகரத்தை விட்டுத் தாம்பரத்துக்கு வந்தபோது, சேலையூர்க் காட்டில் சுமார் 365 ஏக்கர் அதற்குக் கிடைத்தது. அவ்விடத்துச் செடிகொடிகளை ஆராய்ந்து மரங்களைப் பேணியவர்களில் முக்கியமானவர் எட்வர்ட் பார்ன்ஸ். அவர் ரசாயன ஆசிரியர்! தாவரங்களின்மீது கொண்ட பிரியத்தால் இதைச் செய்தார். நமது முட்புதர்க் காட்டின் அருமையை ஓர் ஆங்கிலேய ரசாயனப் பேராசிரியர் உணர்ந்தார் என்பதில் நமக்கு நன்றியும் உண்டு, சிறிது வெட்கமும் உண்டு.

உபகாரச் சம்பளம் ஒன்று யாது செய்யக்கூடும் என்பதற்கு நாம் வெகுதூரம் தேட வேண்டியதில்லை. தலைச்சேரியில் 1897-இல் பிறந்து, சென்னை ராணி மேரி கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் பயின்றவர் ஸ்ரீமதி ஜானகி அம்மாள். கிழக்கு நாட்டுப் பெண்களுக்கென்று லீவை பார்பர் என்பவர் 1917-இல் மிச்சிகன் சர்வகலாசாலையில் ஏற்படுத்திய உபகாரச் சம்பளத்தைப் பெற்று, 1924-இல் அமெரிக்கா சென்றார். 1931-இல் அங்கே டாக்டர் பட்டம் பெற்றார். கோயம்புத்தூர் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் அவர் செய்த வேலை யாவரும் அறிந்தது. பின்னர் இங்கிலாந்தில் ஜான் இன்னெஸ் ஸ்தாபனத்தில் இருந்தபோது, டார்லிங்டனுடன் சேர்ந்து பயிர்களின் குரோமோசோம் அட்டவணையை 1945-இல் வெளியிட்டார். அரசத் தோட்டக்கலைச் சங்கத்தின் விஸ்லித் தோட்டத்தில் அவர் ஆராய்ந்த மக்னோலியா வகையொன்று இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. பண்டித நேருவின் அழைப்பை ஏற்று 1951-இல் தேசம் திரும்பி, இந்தியத் தாவர அளவைத் துறையைச் சீரமைப்பதில் ஈடுபட்டார். கடைசி வருஷங்களில் சென்னைச் சர்வகலாசாலையின் மதுரவாயல் ஆராய்ச்சிக் களத்தில் உழைத்து, 1984-இல் அங்கேயே காலமானார். அந்நிய தேசத்துக்கு அனுப்பினால் திரும்பமாட்டார்கள் என்போர் இச்சரித்திரத்தைப் பார்க்கட்டும். அவரை அழைத்து ஒரு வேலையை ஒப்படைத்தார்கள், வந்தார். அழைப்பில்லாத இடத்துக்கு யார் வருவார்?

சிங்கப்பூரை உதாரணங்காட்டுவது இப்போது ஒரு வழக்கமாகிவிட்டது. அங்கே 1963-இல் மரம் நடும் இயக்கமும், 1967-இல் தோட்ட நகரத் திட்டமும் துவங்கின. பல தேசங்களுக்கும் ஆட்களை அனுப்பி 8,000 வகைச் செடிகளைக் கொணர்ந்ததாகவும், அவற்றுள் சுமார் 2,000 மட்டுமே அம்மண்ணில் வளர்ந்ததாகவும் லீ குவான் யூ தமது நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். நான்கில் மூன்று பங்கு வீணாயிற்று என்பதை நம்மவர் கவனிப்பதில்லை. அங்கே வருஷம் முழுவதும் மழை. இங்கே வடகிழக்குப் பருவத்தின் சில வாரங்களில் பெருமழை, மற்ற மாதங்களில் வெயில். சிங்கப்பூரின் செடிகளைக் கொணர்வதில் பிரயோஜனமில்லை. சோதித்துத் தேர்ந்தெடுக்கும் முறையைக் கற்றுவருவதே அவசியம்.

அம்முறையைக் கற்கச் செல்வோருக்கு நமது விதிகளே இரண்டு இடங்களில் தடையாகின்றன. தேசிய உபகாரச் சம்பளம் பெற வேண்டுமாயின், சர்வகலாசாலை உலக வரிசையில் முதல் 500-க்குள் இருக்கவேண்டும் என்பது ஒரு ஷரத்து. இவ்வரிசை எல்லாப் பாடங்களையும் சேர்த்து இடப்படுவது. தாய்லாந்தின் கஸேட்சார்ட் சர்வகலாசாலை வேளாண்மைப் பாட வரிசையில் முதல் நூற்றுக்குள் பலமுறை இடம்பெற்றது. மொத்த வரிசையிலோ ஐந்நூற்றுக்கு அப்பால் நிற்கிறது. நமது சீதோஷ்ணத்துக்கு அண்மையான நாட்டில் கற்க வழியில்லை; பனிபெய்யும் ஊரில் கற்கலாம்! லண்டன் கியூ தோட்டத்தில் கையில் மண்வெட்டியுடன் பயிலும் பட்டயப் படிப்பும் இவ்விதிக்குள் அடங்காது. மற்றொன்று 2022-இல் சேர்க்கப்பட்டது: இந்தியக் கலாசாரம், பாரம்பரியம், சரித்திரம், சமூகம் ஆகியவற்றைப் பற்றிய ஆராய்ச்சிக்கு இவ்வுதவி இல்லை. அவற்றை உள்நாட்டிலேயே கற்கலாமே என்பது இதற்குச் சொல்லப்படும் நியாயம். நமது ஏரி வரிசைகளையும் கோயில் நந்தவனங்களையும் நிலவெளி அமைப்பு நோக்கில் ஆராய விரும்பும் மாணாக்கன் பாரம்பரியத்தை ஆராய்கிறானா, நீர்ப் பொறியியலை ஆராய்கிறானா? ஒரு குமாஸ்தாவின் அபிப்பிராயத்தில் அவனுடைய எதிர்காலம் தொங்குகிறது.

ஆதி திராவிட, பழங்குடி மாணாக்கர்களுக்குத் தமிழ்நாட்டு சர்க்கார் ஏற்படுத்தியுள்ள அண்ணல் அம்பேத்கர் அயல்நாட்டு உயர்கல்வித் திட்டத்தில் ஆண்டுக்கு 36 லட்சம் ரூபாய் வரையில் உதவி உண்டு. தொகை தாராளமானது, வரவேற்கிறோம். இதிலே சில இடங்களையேனும் இவ்விரு கலைகளுக்கென்று ஒதுக்கி, சர்வகலாசாலையின் தகுதியைப் பாட வரிசையைக் கொண்டு மதிப்பிட வேண்டும். திரும்பி வருவோருக்குத் தாம்பரம் போன்ற மாநகராட்சிகளில் நிரந்தரமான உத்தியோகம் ஒன்றை முன்கூட்டியே நிர்ணயித்து, அதை அனுமதிக் கடிதத்திலேயே எழுதிவிடலாம். இந்திய சர்க்காரோ, தேர்வானவர்களின் எண்ணிக்கைக்கு உரிய நிதியை வரவு செலவுத் திட்டத்திலேயே ஒதுக்கி, கடிதங்களை ஒவ்வொரு வருஷமும் மே மாத இறுதிக்குள் அனுப்பக் கடமைப்பட்டிருக்கிறது.