சொடுக்கத் தெரிந்த கை

மகாராஷ்டிரத்து ஊர்ச் சந்தைகளில் போத்ராஜ் வருவதை முதலில் சொல்வது சத்தம்தான். பட்டாசு வெடித்த மாதிரி ஒன்று, கூடவே காற்சலங்கை. திரும்பிப் பார்த்தால், வெற்று மார்பும் தோளில் புரளும் நீண்ட முடியும் வண்ணத் துணிகள் தொங்கும் பாவாடையுமாக மனிதர் நிற்பார். பக்கத்தில் மாரியாயி அம்மனைத் தலையில் சுமந்தபடி மனைவி, இடுப்பில் மேளம். அவர் சாட்டையைச் சுழற்றிச் சொடுக்குவார். பிறகு தன் உடம்பிலேயே அடித்துக்கொள்வார். சில்லறை விழும்.

கூட்டம் பார்ப்பது வலியை. அதற்கு முந்தைய வித்தையை யாரும் கவனிப்பதாகத் தெரியவில்லை.

அந்த வெடிச் சத்தம் சாட்டை எதன் மீதும் பட்டு எழுவதில்லை. காற்றிலேயே பிறக்கிறது. மணிக்குச் சுமார் 1,235 கி.மீ. என்ற ஒலியின் வேகத்தைத் தாண்டும் போர் விமானம் எழுப்புகிற அதே ரகச் சத்தம், அளவில் மட்டும் சிறியது. சாட்டையின் நுனி அந்த வேகத்தைத் தாண்டுவதுதான் காரணம் என்று நெடுநாள் நினைத்திருந்தார்கள். 2002ல் அரிஸோனா பல்கலைக்கழகக் கணித ஆய்வாளர்கள் அலென் கோரியலி, டைலர் மெக்மில்லன் இருவரும் அதைத் திருத்தினர். வீசிய கை சட்டென்று திசை மாறும்போது சாட்டையில் ஒரு வளையம் விழுந்து நுனியை நோக்கி ஓடுகிறது. போகப்போக சாட்டை மெலிவதால் சுமக்க வேண்டிய எடை குறைகிறது, வேகம் ஏறுகிறது. ஒலியை எட்டிப் பிடிப்பது இந்த வளையம். நுனி அப்போது அதைப்போல இரண்டு மடங்கு வேகத்தில் பறந்துகொண்டிருக்கும்.

ஆக, புஜபலத்துக்கு இங்கே வேலை கிடையாது. புதிதாகப் பழகுகிறவர் செய்யும் முதல் தப்பு, தோளைக் கொடுத்து ஓங்கி வீசுவது. சாட்டை போய்க் காலைச் சுற்றிக்கொள்ளும், காதைப் பதம் பார்க்கும், சத்தம் மட்டும் வராது. (நம்மூர் மாட்டு வண்டிக்காரர்கள் பார்த்தால் சிரிப்பார்கள்.) நிதானமாக, கோணாமல் வீசி, சரியான கணத்தில் கையைத் திருப்ப வேண்டும். முந்தினால் வளையம் விழாது. பிந்தினால் சாட்டை தொய்ந்துவிடும்.

இது பிடிபட்ட பிறகுதான் நிஜமான கஷ்டம். முன்னும் பின்னுமாக இடைவிடாமல் சொடுக்க வேண்டுமானால், ஒரு சொடுக்கு முடிகிற இடத்திலேயே அடுத்தது தொடங்கியிருக்க வேண்டும். அப்புறம் இடது கை. அதற்கு எல்லாம் ஆதியிலிருந்து. பிறகு இரு கையிலும் ஆளுக்கொரு தாளத்தில் இரண்டு சாட்டைகள்.

ஆஸ்திரேலியாவில் இதைத் தொப்பி, கண்ணாடி, முழுக்கைச் சட்டை அணிந்து பழகுகிறார்கள். மாடு ஓட்டப் பிறந்த சாட்டை அங்கே போட்டி விளையாட்டாகிவிட்டது. 'சிட்னி ஃபிளாஷ்', 'குவீன்ஸ்லாந்து கிராஸ்ஓவர்' என்று வீச்சுகளுக்குப் பெயர் உண்டு. 2000ம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்ஸ் தொடக்க விழாவே, தனியாக வந்த ஒரு குதிரை வீரர் சாட்டை சொடுக்கியதோடுதான் ஆரம்பித்தது.

போத்ராஜின் சாட்டைக்கு அந்த யோகம் இல்லை. மாங், மகார் சாதிக் குடும்பங்களின் தலையில் ஏற்றப்பட்ட நேர்ச்சை அது. நோய் தீர வேண்டிக்கொண்டு பிள்ளையை அம்மனுக்கு விட்டுவிடுவார்கள். பிள்ளையிடம் யாரும் சம்மதம் கேட்பதில்லை. கண்ணாடி, தொப்பி எதுவுமில்லாமல், சலங்கைத் தாளம் பிசகாமல், குழந்தைகள் நெருக்கியடித்து நிற்கும் தெருவில் சொடுக்கப் பழக வேண்டும். உடம்பில் விழும் அடியும் பாவனையல்ல, தழும்பு நிற்கும்.

1956ல் அம்பேத்கரோடு பௌத்தம் தழுவிய மகார்களில் பலர் இந்த ஊழியத்தை உதறினார்கள். உதறியது சரிதான்; பிச்சைக்காகத் தன்னையே அடித்துக்கொள்ளும் வழக்கத்தைக் கலை என்று சொல்லிக் காப்பாற்ற நினைப்பது வசதியானவர்களின் ஆசை. இன்றும் சீர்திருத்தவாதிகள் போத்ராஜ்களிடம் பேசிச் சம்மதிக்க வைத்து முடியை வெட்டிவிடுகிறார்கள். சாட்டை கீழே இறங்குகிறது. மறுநாள் அவர் போய் நிற்பது கூலி வேலைக்கு. அந்த மணிக்கட்டுக்கு என்ன தெரியும் என்று அங்கே யாரும் கேட்பதில்லை.