38 மதிப்பெண்ணில் முடிந்துவிடும் கணிதம்

எம்.எஸ்சி. கணிதம் படிக்கும் மாணவர் பருவத்தேர்வு அறைக்குள் நுழையும்போதே கேள்வித்தாளின் அமைப்பு அவருக்குத் தெரியும். தமிழ்நாட்டில் பரவலாகப் புழங்கும் வடிவம் இது: 'அ' பிரிவில் இரண்டு மதிப்பெண் கேள்விகள் பத்து. 'ஆ' பிரிவில் ஐந்து மதிப்பெண் கேள்விகள் ஐந்து. ஒவ்வொன்றிலும் 'இது அல்லது அது' என்ற சலுகை. 'இ' பிரிவில் கொடுக்கப்பட்ட ஐந்தில் மூன்றுக்கு எழுதினால் போதும், தலா பத்து மதிப்பெண். மொத்தம் 75. மீதி 25 இன்டர்னல். தேர்ச்சிக்கு 50 சதவீதம், அதாவது எழுத்துத் தேர்வில் 38.

அமைப்பு தெரிந்தால் மற்ற கணக்கும் போட்டுவிடலாம். பாடத்திட்டத்தில் ஐந்து அலகுகள். பெரிய கேள்வி அலகுக்கு ஒன்று. மூன்று எழுதினால் போதும் என்பதால் இரண்டு அலகுகளின் முக்கியத் தேற்றங்களைத் தொடாமலே தாண்டிவிடலாம். மிச்சமிருக்கும் மூன்று அலகுகளில் எதைப் படிப்பது என்பதைப் பழைய கேள்வித்தாள்களே சொல்லிவிடும். மெய்ப்பகுப்பாய்வு என்றால் ஹெய்ன்-போரல் தேற்றம், இடத்தியல் என்றால் யூரிசான் துணைத்தேற்றம், சார்புப் பகுப்பாய்வு என்றால் ஹான்-பனாக் தேற்றம். ஜெராக்ஸ் கடையில் கிடைக்கும் கட்டில் இவை வரிசைப்படி இருக்கும். இந்த வழியில் படிப்பவரைக் குறை சொல்ல எதுவுமில்லை. பட்டம் என்ன கேட்கிறதோ அதைத்தான் அவர் கொடுக்கிறார்.

பட்டம் கேட்பவற்றின் பட்டியல் நீளமானது. நான்கு பருவங்கள், 90-ஐ ஒட்டிய கிரெடிட்டுகள், 75 சதவீத வருகைப்பதிவு. அது சற்றுக் குறைந்தால் அபராதம் கட்டி ஹால் டிக்கெட் வாங்க வேண்டும். கட்டாயத் தாள்களாக இயற்கணிதம், மெய்ப்பகுப்பாய்வு, வகைக்கெழுச் சமன்பாடுகள், சிக்கலெண் பகுப்பாய்வு, இடத்தியல், சார்புப் பகுப்பாய்வு, வகைக்கெழு வடிவியல். இவற்றோடு விருப்பத் தாள்கள், வேறு துறையிலிருந்து ஒரு தாள், கடைசிப் பருவத்தில் பல இடங்களில் புராஜெக்ட், அதற்கு ஒரு வைவா. அரியர் இல்லாமல் இத்தனையும் முடித்தால் பட்டம் கையில்.

பாடப்புத்தகங்களில் குறை காண முடியாது. ஹெர்ஸ்டீனின் இயற்கணிதம், ரூடினின் மெய்ப்பகுப்பாய்வு, மன்க்ரஸின் இடத்தியல், ஆல்ஃபோர்ஸின் சிக்கலெண் பகுப்பாய்வு என உலகின் நல்ல பல்கலைக்கழகங்கள் பயன்படுத்தும் நூல்களே இங்கும் பாடத்திட்டத்தில் இருக்கின்றன. ஆனால் ரூடின் நூலின் பாதிப் பாடம் அத்தியாயங்களின் முடிவிலுள்ள பயிற்சிக் கணக்குகளில் இருக்கிறது, ஹெர்ஸ்டீனும் அப்படித்தான். நமது தேர்வு அந்தப் பக்கங்களை எட்டிப் பார்ப்பதே அபூர்வம். தேற்றமும் நிரூபணமும் கேட்கப்படும். அவற்றைக் கொண்டு என்ன செய்யலாம் என்பது கேட்கப்படாது.

ஒரு எடுத்துக்காட்டைக் கிட்டத்தில் பார்க்கலாம். '15 உறுப்புகள் கொண்ட எந்தக் குலமும் வட்டக் குலமே என நிறுவுக' என்பது இயற்கணிதத் தாளில் பழகிப்போன கேள்வி. ஒரே ஒரு உறுப்பின் அடுக்குகளிலிருந்தே முழுக் குலமும் பிறந்துவிடும் என்பது இதன் பொருள். சைலோ தேற்றத்தைக் கையில் எடுத்தால் வேலை எளிது. 15 என்பது 3 × 5. ஐந்து உறுப்பு உட்குலங்களின் எண்ணிக்கை 3-ஐ மீதியின்றி வகுக்க வேண்டும். அதே எண்ணை 5-ஆல் வகுத்தால் மீதி 1 வர வேண்டும். அப்படியானால் அது 1 மட்டுமே. மூன்று உறுப்பு உட்குலங்களின் எண்ணிக்கை 5-ஐ வகுக்க வேண்டும், 3-ஆல் வகுத்தால் மீதி 1 வர வேண்டும். 5-ஐ 3-ஆல் வகுத்தால் மீதி 2. ஆகவே இதுவும் 1 மட்டுமே. இந்த இரண்டு முடிவுகளையும் சேர்த்தால் நிரூபணம் முடிந்தது. பத்து மதிப்பெண்.

இப்போது 15 என்ற எண்ணை அழித்துவிட்டு 21 என்று எழுதிக் கேட்கலாம். மூன்று உறுப்பு உட்குலங்களின் எண்ணிக்கை இப்போது 7-ஐ வகுக்க வேண்டும். 7-ஐ 3-ஆல் வகுத்தால் மீதி 1. ஆக அந்த எண்ணிக்கை 1 ஆகவும் இருக்கலாம், 7 ஆகவும் இருக்கலாம். மனப்பாடம் செய்த நிரூபணம் இந்த வரியில் நின்றுபோகும். உண்மையிலேயே 21 உறுப்புகளோடு, வட்டக் குலமாக இல்லாத ஒரு குலம் இருக்கிறது. 35 என்று கேட்டாலோ பழைய நிரூபணம் மறுபடி ஓடும். 15-க்கும் 35-க்கும் ஓடுவது 21-க்கு ஏன் ஓடவில்லை என்று இரண்டு வரியில் சொல்லத் தெரிந்தவருக்குச் சைலோ தேற்றம் புரிந்திருக்கிறது. 15-க்கு மட்டும் இரண்டு பக்கம் எழுதத் தெரிந்தவருக்குப் புரிந்ததா இல்லையா என்று விடைத்தாளைத் திருத்துபவரால் சொல்லவே முடியாது. இரண்டு பேருக்கும் பத்துக்குப் பத்து.

இந்த நிலைமைக்கு வரலாறு உண்டு. சென்னை, கல்கத்தா, பம்பாய்ப் பல்கலைக்கழகங்கள் 1857-இல் லண்டன் பல்கலைக்கழகத்தை முன்மாதிரியாக வைத்துத் தொடங்கப்பட்டன. கல்லூரிகள் கற்பிக்கும், பல்கலைக்கழகம் தேர்வு நடத்திச் சான்றிதழ் தரும். பாடம் நடத்துபவர் ஒருவர், கேள்வித்தாள் எடுப்பவர் இன்னொருவர் என்று ஆனபின், இருவருக்கும் பொதுவானது அச்சடித்த பாடத்திட்டம் மட்டுமே. அதற்கு வெளியே ஒரு கேள்வி வந்தால் 'அவுட் ஆஃப் சிலபஸ்' என்ற புகார் அன்று மாலையே எழும். பழக்கமான கேள்வியே எல்லோருக்கும் பாதுகாப்பு.

தேர்வு கணிதத்தை விழுங்கிய கதை ஆங்கிலேயர்களின் வீட்டிலும் நடந்தது. கேம்பிரிட்ஜின் கணித டிரைபாஸ் தேர்வில் முதலிடம் பிடிக்க மாணவர்கள் தனிப்பயிற்சியாளர்களிடம் ஆண்டுக்கணக்கில் பயின்றார்கள். எட்வர்ட் ரூத் என்ற பயிற்சியாளரிடம் படித்து முதலிடம் பெற்றவர்கள் இருபதுக்கும் மேல். 1898-இல் அந்தத் தேர்வில் நான்காவதாக வந்த ஜி.எச்.ஹார்டி, பின்னாளில் அதன் கடும் எதிரியானார். தரவரிசை 1909-உடன் நிறுத்தப்பட்டது. அதுவும் அவருக்குப் போதவில்லை. 1926-இல் கணிதச் சங்கத்தில் தலைமையுரை ஆற்றியபோது, டிரைபாஸைச் சீர்திருத்த வேண்டாம், ஒழித்தே விட வேண்டும் என்று வாதிட்டார்.

அதே ஹார்டியின் பெயரோடு சேர்ந்த இன்னொரு நிகழ்வு சென்னையில் நடந்தது. எஃப்.ஏ. என்ற கல்லூரித் தேர்வில் தேறாத ராமானுஜனுக்கு 1913-இல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை வழங்கியது. வழக்கமாக முதுகலைப் பட்டதாரிகளுக்கு உரிய உதவித்தொகை அது. பட்டம் இல்லாதவருக்காக விதி வளைந்து கொடுத்த கதை எல்லோருக்கும் தெரியும். பட்டத்துக்குப் பதிலாக அவரிடம் என்ன கேட்கப்பட்டது என்பதுதான் அதிகம் பேசப்படாதது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, தான் செய்த வேலையைப் பற்றி அறிக்கை எழுதித் தர வேண்டும். அவர் எழுதிய அறிக்கைகளில்தான் தொகையீடுகள் பற்றிய, இன்று 'ராமானுஜன் முதன்மைத் தேற்றம்' எனப்படும் முடிவு இருக்கிறது. கேம்பிரிட்ஜும் 1916-இல் அவருக்குப் பட்டம் கொடுத்தது ஆய்வின் பேரில்தான். டிரைபாஸ் எழுதச் சொல்லி அல்ல. எல்லோரும் ராமானுஜனாக முடியாது என்பது சரி. ஆனால் 'நீ என்ன செய்தாய், எழுதிக் காட்டு' என்ற கேள்வியை மேதையிடம் மட்டும்தான் கேட்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

ஜெர்மனியில் அதைச் சாதாரண மாணவரிடமே கேட்கிறார்கள். அங்கே கணித முதுகலைப் பட்டத்துக்கு 120 கிரெடிட்டுகள். அவற்றில் 30 பொதுவாக ஆய்வேட்டுக்கு. ஏறக்குறைய அரை வருடம் அந்த ஒரே வேலை. பல தாள்களுக்கு வாய்மொழித் தேர்வு நடக்கும். பேராசிரியர் எதிரே உட்கார்ந்து, வரையறை சொன்னவுடன் எடுத்துக்காட்டு சொல்ல வேண்டும்; எடுத்துக்காட்டு சொன்னவுடன், நிபந்தனைகளில் ஒன்றை நீக்கினால் தேற்றம் எங்கே உடைகிறது என்று சொல்ல வேண்டும். மனப்பாடம் அங்கே மூன்றாவது நிமிடத்தில் தீர்ந்துவிடும். அமெரிக்காவில் பல துறைகள் ஆய்வேடு அல்லது ஒட்டுமொத்தத் தேர்வு என்று இரண்டில் ஒன்றைக் கேட்கின்றன.

இங்கேயும் மனப்பாடம் தோற்கும் இடம் ஒன்று உண்டு. அது பட்டம் வாங்கிய பிறகு வருகிறது. விரிவுரையாளர் தகுதிக்கான சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வின் கணிதத் தாளில் 'சி' பிரிவுக் கேள்வி ஒவ்வொன்றுக்கும் 4.75 மதிப்பெண். கொடுத்த விடைகளில் ஒன்றுக்கு மேற்பட்டவை சரியாக இருக்கலாம். சரியானவை எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, தவறானது எதையும் தொடாமல் இருந்தால் மட்டுமே மதிப்பெண். நிரூபணம் எழுத வேண்டிய அவசியமே இல்லை. ஆனால் எந்தக் கூற்றுக்கு எதிர்மறை எடுத்துக்காட்டு உண்டு என்று சட்டென்று தோன்ற வேண்டும். பல்கலைக்கழகத்தில் 80 சதவீதம் வாங்கியவர்கள் இந்தப் பிரிவின் முன் திகைத்து நிற்பதைப் பயிற்சி மையங்களில் பார்க்கலாம். இரண்டு ஆண்டுகள் கட்டணம் கட்டிப் படித்த பாடத்தை மறுபடி கட்டணம் கட்டிப் படிக்கிறார்கள்.

வேறு மாதிரி கற்பிக்க இந்தியாவில் முடியாது என்றும் சொல்ல முடியாது. பேராசிரியர் எஸ்.குமரேசன் 1993-இல் தொடங்கிய எம்.டி.டி.எஸ். என்ற கோடைப் பயிற்சி முகாம், தேசிய உயர் கணித வாரியத்தின் ஆதரவுடன் நாட்டின் பல ஊர்களில் நடந்துவந்திருக்கிறது. அங்கே ஆசிரியர் நிரூபணத்தைக் கரும்பலகையில் எழுதிப்போட்டு அழிப்பதில்லை. கேள்வி கேட்பார், மாணவர் எழுந்து வந்து முயல்வார், தவறினால் இன்னொருவர் தொடர்வார். வந்து படித்தவர்களில் சிறுநகரக் கல்லூரி மாணவர்களும் உண்டு. அவர்கள் ஊரில் படித்ததும் இதே பாடங்களைத்தான். கேட்கப்பட்ட விதம் வேறு.

மாற்றத்துக்கு எதிராகச் சொல்லப்படுவதில் நியாயம் இல்லாமல் இல்லை. பல கல்லூரிகளில் எம்.எஸ்சி. கணித வகுப்பில் குடும்பத்தில் முதலில் கல்லூரிக்கு வந்தவர்கள் நிறைய பேர். பள்ளியில் தமிழ் வழியில் படித்தவருக்கு ரூடினின் சுருக்கமான ஆங்கிலமே ஒரு தனித் தாள். பட்டத்தோடு பி.எட். முடித்து, ஆசிரியர் தேர்வு வாரியத்தின் முதுகலை ஆசிரியர் தேர்வை எழுதி வேலைக்குப் போக வேண்டும் என்பது அவர்களுடைய திட்டம். தேர்வைத் திடீரென்று கடினமாக்கினால் முதல் அடி விழுவது அவர்கள்மேல்தான். பாடம் எடுப்பவர்களில் பலர் கௌரவ விரிவுரையாளர்கள். வாரம் முழுக்க வகுப்பெடுப்பவருக்கு வைவா நடத்த நேரம் ஏது?

ஆனால் இன்றைய ஏற்பாடும் அந்த மாணவருக்கு உதவவில்லை. நாளை பிளஸ் டூ வகுப்பில் நின்று, 'சார், இது ஏன் இப்படி?' என்று கேட்கும் பையனுக்கு அவர்தான் பதில் சொல்லியாக வேண்டும். வசதியுள்ளவர் நெட் பயிற்சி மையத்துக்குப் போய்க் குறையைச் சரிசெய்துகொள்வார். வசதியில்லாதவருக்குப் பல்கலைக்கழக வகுப்பறை ஒன்றே வழி. மேலும், எம்.ஃபில். பட்டம் இப்போது இல்லை. 2022-இல் வந்த பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிகள் அதை நிறுத்திவிட்டன. சொந்தமாக நாற்பது பக்கம் எழுதிப் பார்க்கும் வாய்ப்பு முன்பு பலருக்கு எம்.ஃபில்.லில் கிடைத்தது. இனி அது எம்.எஸ்சி.யில் கிடைத்தால் உண்டு.

ஆகவே கடுமையைக் கூட்ட வேண்டியதில்லை. கேட்பதை மாற்றினால் போதும். முதலாவது, 'இ' பிரிவின் ஐந்து கேள்விகளில் ஒன்று புதிய கணக்காக, கட்டாயக் கேள்வியாக இருக்கட்டும். சைலோ தேற்றத்தைக் கேள்வித்தாளிலேயே அச்சிட்டுவிட்டு 21-ஐயும் 35-ஐயும் ஒப்பிடச் சொல்லலாம். இதற்கு ஆங்கிலப் புலமை வேண்டாம், இரண்டு பக்க மனப்பாடமும் வேண்டாம். சொல்லப்போனால் தமிழ் வழி மாணவருக்கு இது எளிது.

இரண்டாவது, 25 இன்டர்னல் மதிப்பெண்ணில் அசைன்மென்ட் என்ற பெயரில் நடக்கும் நகலெடுப்பை நிறுத்திவிட்டு, வாரம் மூன்று பயிற்சிக் கணக்குகள் கொடுக்கலாம். மாணவர்கள் முறைவைத்துக் கரும்பலகையில் செய்து காட்டினால் திருத்தும் சுமையும் குறையும். மூன்றாவது, புராஜெக்ட். கணிதத்தில் புதிய கண்டுபிடிப்பை இருபத்திரண்டு வயதில் எல்லோரிடமும் எதிர்பார்க்க முடியாது. இதன் விளைவாக, யாரோ எழுதிய ஆய்வுக் கட்டுரையைத் தட்டச்சு செய்து பைண்டிங் போட்டுக் கொடுப்பது பல இடங்களில் வழக்கமாகிவிட்டது. அதற்குப் பதில் ஒரே ஒரு தேற்றம், இருபது பக்கம், சொந்த மொழியில். நிபந்தனை ஒவ்வொன்றும் ஏன் தேவை என்பதற்குச் சொந்த எடுத்துக்காட்டுகள். தமிழில் எழுத விரும்புபவருக்கு அனுமதி. வைவாவில் பதினைந்து நிமிடம் அந்த எடுத்துக்காட்டுகளைப் பற்றி மட்டும் பேச்சு.

இதற்கெல்லாம் இடம் வேண்டுமென்றால் இரண்டு மூன்று தாள்களைக் குறைக்க வேண்டியிருக்கும். இருபது தாள்களைத் தொட்டுப் பார்த்தவரைவிட, பதினேழை ஒழுங்காகப் படித்தவரே எந்தப் போட்டித் தேர்வுக்கும் பயன்படுவார். எதைக் குறைப்பது என்பதில் துறைகளுக்குள் சண்டை வரும், வரட்டும்.

தன்னாட்சிக் கல்லூரிகளுக்குத் தங்கள் பாடத்திட்டத்தையும் கேள்வித்தாளையும் தாங்களே அமைக்கும் அதிகாரம் ஏற்கெனவே இருக்கிறது. கேள்வித்தாள் அமைப்பை மாற்ற அரசாணைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த பாடத்திட்டக் குழுக் கூட்டத்தில், தாள்களின் பெயரை மாற்றும் வழக்கமான தீர்மானத்தோடு, 'இ' பிரிவில் ஒரு புதிய கணக்கு என்ற தீர்மானத்தையும் நிகழ்ச்சி நிரலில் சேர்க்கலாம். ஒரு கல்லூரி ஒரே ஒரு தாளில் இரண்டு பருவம் முயன்று பார்த்து, மாணவர்கள் எழுதிய விடைகளைப் பல்கலைக்கழகத்தின் முன் வைத்தால், மற்ற கல்லூரிகள் பேசத் தொடங்க அது போதும்.