கிழக்கு ஆபிரிக்காவுக்கு எதைக் கொண்டு போவது?

வெள்ளவத்தைப் புடைவைக் கடைக்காரருக்கும் கொட்டாஞ்சேனை மொத்த வியாபாரிக்கும் ஆபிரிக்கா இன்னும் தூரத்து நிலம்தான். இலங்கை முதலீடோ அங்கு போய்ப் பல ஆண்டுகளாகின்றன. எதியோப்பியாவின் ஹவாசா கைத்தொழில் பூங்காவில் நம் ஆடை நிறுவனங்கள் தொழிற்சாலைகளைத் திறந்தன. அமெரிக்காவின் தீர்வையற்ற சலுகையே அந்தக் கூலிக் கணக்கின் அச்சாணி. 2022 ஜனவரியில் உள்நாட்டுப் போரைக் காரணம் காட்டி வாஷிங்டன் அதை நிறுத்தியதும் கணக்கு ஆட்டம் கண்டது. உகண்டாவில் இலங்கை நிறுவனமான விதுலங்கா கட்டிய 6.5 மெகாவாட் முவும்பே நீர்மின் நிலையம் வேறு கதை. அது மலைநாட்டு ஆறுகளில் நாம் பழகிய தொழில். வாடிக்கையாளரும் அந்த நாட்டுக்குள்ளேயே இருக்கிறார். கொண்டுபோக வேண்டியது பிறர் தரும் சலுகையை நம்பிய கூலிக் கணக்கையல்ல, கைவந்த அறிவை.

டொலரின்றி எரிபொருள் வரிசையில் நின்ற நாடு வெளியே முதலிடலாமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் வெளியே உழைக்கும் முதலீடு இலாபத்தை டொலராகவே அனுப்பும். இறக்குமதிக் காருக்குப் போன டொலர் திரும்புவதில்லை. இன்னொரு கேள்வி: கென்யத் தேயிலைத் தோட்டங்களை இலங்கையின் பிரவுன்ஸ் நிறுவனம் வாங்கியது போட்டியாளரை வளர்ப்பதாகாதா? பெரிதாக இல்லை: அவர்களது பெரும்பாலும் தேநீர்ப் பைக்கான தூள், நம்முடையது பெரும்பாலும் ஓதடொக்ஸ் முறைத் தேயிலை. எனக்கு உறுத்துவது வேறு. அந்தத் தோட்டங்கள் உள்ள கெரிச்சோவில் காலனிய காலத்தில் நிலம் பறிக்கப்பட்டோரின் சந்ததி இன்றும் நீதி கேட்கிறது. தோட்டத்தோடு அந்த வழக்கும் கைமாறுகிறது.