பேயைச் செய்பவன் பேய்க்கு அஞ்சான்!

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் - வேதியியல்)

"பட்டப்படிப்புப் படிக்கிற பிள்ளைக்குப் பேய் பொம்மை செய்கிற வேலை எதற்கு?" எங்கள் தெருவில் பலரும் என்னிடம் கேட்கும் கேள்வி இது. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஆகவே கேட்பவர்களின் அக்கறை எனக்குப் புரிகிறது. ஆயினும் என் விடை ஒன்றுதான்: படிக்கிற பிள்ளைதான் பேய் பொம்மை செய்ய வேண்டும்!

நண்பர்களே, நினைவு தெரிந்த நாள் முதல் எனக்கு இந்தப் பித்து உண்டு. கரிச்சட்டியில் சுண்ணாம்புப் புள்ளி குத்தி, வைக்கோலில் உடம்பு கட்டிச் சோளக்கொல்லையில் நிறுத்திய பொம்மையே என் முதல் ஆசான். பகலில் பறவையை விரட்டும் அந்தப் பொம்மை, அந்தி மங்கியதும் ஆளையே விரட்டும்! புதுவீட்டின் முன் தொங்கும் பூசணிக்காயின் கோரைப்பல், கண்ணேறு கழிக்கக் கட்டும் பொம்மையின் பிதுங்கிய விழி, மாசி அமாவாசையில் மயானக் கொள்ளைக்குப் புறப்படும் வேடத்தின் சிவந்த நாக்கு... அச்சமூட்டும் முகங்களுக்கு நம் மண்ணில் பஞ்சமா என்ன?

எங்கள் தம்மம்பட்டியோ மரச்சிற்பத்திற்குப் புவிசார் குறியீடு பெற்ற ஊர். தூங்குமூஞ்சி வாகைக் கட்டையிலிருந்து யாளியும், சிம்மமும், விழி உருட்டும் பூதமும் உளி பட உளி பட வெளிவருவதைப் பட்டறை வாசலில் நின்று பார்த்து வளர்ந்தவன் நான். நேற்று வரை நாம் ஏறி விளையாடிய கட்டை, இன்று நம்மை உறுத்துப் பார்க்கிறது. என்னே கைத்திறன்!

மேல்நாட்டாருக்கும் இத்தகைய விழா ஒன்று உண்டு. அக்டோபர் 31ஆம் நாள் இரவு அவர்கள் கொண்டாடும் ஹாலோவீன் அது. பண்டைய கெல்டிக் மக்களின் அறுவடை முடிவு விழாவில் வேர்கொண்டது என்பர். அயர்லாந்து மக்கள் டர்னிப் என்னும் கிழங்கைக் குடைந்து, முகம் செதுக்கி, உள்ளே விளக்கேற்றினர். 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்கா சென்று குடியேறியவர்களுக்கு அங்கே பூசணி கிடைத்தது. கிழங்கு விளக்கு பூசணி விளக்காயிற்று. இன்று நம் நகரங்களின் வணிக வளாகங்களிலும் அவ்விழா எட்டிப் பார்க்கிறது. வரட்டும், நான் விழாவைக் குறை கூறவில்லை. கடையில் வாங்கி மாட்டும் பிளாஸ்டிக் முகமூடியைத்தான் குறை கூறுகிறேன். வாங்கியவனுக்கு அரைமணி நேர வேடிக்கை. செய்தவனுக்கோ ஆயுளுக்கும் அறிவு!

என்ன அறிவு என்கிறீர்களா? களிமண் அச்சின்மேல் பழைய செய்தித்தாளை ஐந்தாறு அடுக்கு ஒட்டி முகமூடி செய்கிறேன். அதற்குப் பசை, நம் சேலம் மாவட்டத்து மரவள்ளி மாவு. நீரில் காய்ச்சும்போது மாவின் மணிகள் நீரை உறிஞ்சி ஊதிப் பசையாகின்றன. இது வேதியியல். அதே முகமூடியின் கீழே விளக்கை வைத்தால் அது இருமடங்கு கொடூரமாகிறது. வெயில் மேலிருந்து விழுவதையே பார்த்துப் பழகிய கண், நிழல் தலைகீழாக விழக் கண்டு திகைக்கிறது. இது இயற்பியல்.

இன்னொன்றும் கேளுங்கள். பூசணி விளக்கிற்கு 'ஜாக் ஓ லாந்தர்ன்' என்று பெயர். முன்பு அது சதுப்பு நிலத்தில் இரவில் தோன்றி மறையும் ஒளிக்கு வழங்கிய பெயர். அதையே நாம் கொள்ளிவாய்ப் பிசாசு என்றோம். 1776இல் இத்தாலியின் மாஜோரே ஏரிச் சேற்றிலிருந்து வோல்டா சேகரித்துக் கொளுத்திப் பார்த்த வாயுதான் மீத்தேன். அதே வாயு இன்று சாண எரிவாயு அடுப்பில் சோறு பொங்குகிறது!

இது வெறும் விளையாட்டுப் பேச்சன்று. மனநோயால் வாடும் பெண்ணை மருத்துவரிடம் அழைத்துச் செல்லாமல், "பேய் பிடித்திருக்கிறது" என்று வேப்பிலையால் அடிக்கும் கொடுமை இன்னும் ஒழியவில்லை. இலங்கையில் தாவரவியல் ஆசிரியராயிருந்து 1978இல் மறைந்த ஏ. டி. கோவூர், பேய் என்று சொல்லப்பட்ட பல நிகழ்ச்சிகளை நேரில் சென்று ஆராய்ந்தார். அவற்றின் பின்னே மனிதக் கையோ மனநோவோ இருந்ததை எடுத்துக்காட்டினார். பேய் முகத்தைத் தன் கையால் ஒட்டி, காயவைத்து, வண்ணம் தீட்டியவன் அத்தகைய கதைகளை எளிதில் நம்புவானா? "இதற்குப் பசை எது? விளக்கு எங்கே?" என்றுதானே கேட்பான்! வேடம் கட்டுவோரின் பக்தியை நான் இங்கே எடை போடவில்லை. பக்தி வேறு, பயத்தைக் காட்டிப் பிறரை ஒடுக்குவது வேறு.

ஆகவே எனக்கு நானே ஒரு விதி வகுத்திருக்கிறேன். தனியே வரும் பெண்ணையோ, உறங்கும் குழந்தையையோ, முதியவரையோ என் பொம்மை மிரட்டக் கூடாது. மிரண்டவன் அடுத்த நொடியே சிரிக்க வேண்டும். சிரித்தவனுக்குச் செய்முறையைச் சொல்லித் தர வேண்டும்.

நம் கல்லூரிக்கு ஒரு வேண்டுகோள். கலைவிழாவில் ஆடலுக்கும் பாடலுக்கும் போட்டி உண்டு. கையால் செய்த முகமூடிக்கும் ஒரு போட்டி வைக்கலாகாதா? தம்மம்பட்டிச் சிற்பிகளை அழைத்து ஒருநாள் பயிற்சி அளிக்கலாகாதா? உரிய ஊதியத்தோடு அவர்கள் ஆசிரியராக வந்து நிற்கட்டும். பட்டம் பெறப்போகும் நாம் மாணவராக அமர்வோம்.

உளி பிடிப்பது இழிவன்று. பசை பிசைவது பாழ்வேலையன்று. கைகள் செய்யக் கற்கட்டும். கண்கள் ஆராயக் கற்கட்டும். அச்சம் தானே அகலும்!