நீண்ட சரமும் குறுகிய கலமும்

செஞ்சிக் கோட்டையைக் காணச் செல்வோருள் அவலூர்பேட்டை வரையிற் செல்வோர் சிலரே. கோட்டை அரசர்க்குரியது, பேட்டையோ வியாபாரிகட்குரியது. நெல்லும் மணிலாவும் மூட்டை மூட்டையாக வந்திறங்கும் ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் அவ்வூரில் உண்டு. அங்கிருந்து வந்து நம் கலாசாலையிற் கணிப்பொறியியல் பயிலும் மாணாக்கர் ஒருவரால் யாம் ஒரு பாடம் கற்றோம். அதனை ஈண்டு எழுதுவது அவரை இகழ்தற்கன்று, எம்மைத் திருத்திக்கொள்ளுதற்பொருட்டே.

அவர் தந்தையார் மணிலா வியாபாரி. சமையலெண்ணெயிற் பெரும்பகுதியை நம் நாடு வெளிநாடுகளினின்று தருவித்துக்கொள்வதால், அயல்நாட்டுப் பாமாயில் விலை ஏறி இறங்குவது பேட்டையிலும் ஒருவாறு உணரப்படும். ஆதலின் மகனார், விலைகளைக் காட்டும் வியாபாரக் கருவியொன்றில், அதற்குரிய நிரல்மொழியிலே சிறியதோர் நிரல் எழுதி, நாடோறும் தந்தையின் கைபேசிக்குத் தமிழிற் செய்தி போகுமாறு செய்தார். முதல் நாள் வந்த செய்தி முழுவதும் கேள்விக்குறிகளே. “ஏம்ப்பா, நான் விலை கேட்டால் நீ என்னையே கேள்வி கேட்கிறாயே?” என்றாராம் தந்தையார்.

காரணம் இதுவே. சரத்தைப் பைட்டு வரிசையாக மாற்றும்போது எக்குறியீட்டு முறையில் மாற்றவேண்டும் என்று சொல்லாவிடின், கணிப்பொறி தன் பழைய வழக்கப்படியே மாற்றும். விண்டோஸின் பழைய ஒற்றைப் பைட்டு அட்டவணைகளில் தமிழுக்கென்று ஓரிடமும் கிடையாது. இடமில்லா எழுத்துக்குக் கேள்விக்குறியே கிடைக்கும். யூ.டி.எஃப்-8 என்று ஒரு சொல் சேர்த்ததும் தமிழ் வந்துவிட்டது. ஆயின் அத்துடன் வேறொரு தொல்லையும் வந்தது.

அவலூர்பேட்டை என்னும் பெயரை எண்ணிப் பாருங்கள். நம் இலக்கணப்படி ஏழெழுத்து. யூனிகோடு முறையிலோ, உயிர்மெய்க் குறிகளும் புள்ளிகளும் தனித்தனியே எண்ணப்படுவதால், 12 குறிகள். இவ்வகைக் கருவிகளுட் பெயர்பெற்ற மெட்டாட்ரேடரின் எம்.க்யூ.எல். மொழியில் இக்காலத்துச் சரங்கள் குறியொன்றுக்கு இரண்டு பைட்டு கொள்வன. ஆகவே 24 பைட்டு. வெளியே அனுப்ப யூ.டி.எஃப்-8 ஆக்கினால் குறிக்கு மூன்றாக 36 பைட்டு. இப்பெயரை 20 பைட்டுக் கலத்தில் இட்டால் ‘அவலூர்’ நிற்கும், அதன்பின் உடைந்த குறியின் இரண்டு பைட்டுகள் எஞ்சும், பேட்டை பறிபோகும். (2010-ல் தமிழ்நாட்டரசு யூனிகோடுடன் ஏற்றுக்கொண்ட டேஸ்-16 முறையில் ஏழெழுத்தும் ஏழாகவே எண்ணப்படும், ஆயினும் உலகம் யூனிகோடின் வழியே சென்றுவிட்டது.)

நம் மாணாக்கர் செய்தியைப் பெறும் கலத்தை 100 பைட்டு என்று வகுத்திருந்தார். நூறு எழுத்துக்குப் போதுமன்றோ என்பது அவர் எண்ணம். தமிழுக்கோ அது 33 குறிகட்கே போதும். ஒரு நாள் செய்தி சற்றே நீண்டது. ஈற்றிலிருந்த 4120 என்னும் விலை 412 என்று போய்ச் சேர்ந்தது. பெயர் அறுந்தால் கண் கண்டுகொள்ளும். எண் அறுந்தாலோ மீதியும் ஓர் எண்ணாகவே நிற்கும். தந்தையார் பழகிய வியாபாரியாதலின் சிரித்து விட்டுவிட்டார். அவரிடத்தில் மற்றொரு நிரல் அமர்ந்து, வந்த விலையை வாசித்து வாங்கவும் விற்கவும் ஆணையிட்டுக்கொண்டிருந்தால் அது சிரித்திருக்குமா? இது வீண் அச்சமன்று. சில்லறை முதலீட்டாளர் நிரல்வழி வர்த்தகம் செய்வதற்கு 2025 பிப்ரவரியிற் செபி நெறிமுறை வகுக்கும் அளவுக்கு அவ்வழக்கம் பரவியிருக்கிறது.

மேற்சொன்ன எம்.க்யூ.எல். மொழியிலும் எல்லைகள் பல. திரையின் மூலையிற் குறிப்பெழுதும் கட்டளை 2045 குறிகளுக்கு மேற் காட்டாது; வரைபடத்தில் இடும் பொருளின் பெயர் 63 குறிகளுக்கு மிகலாகாது. இவ்வெல்லைகள் கையேட்டில் அச்சிடப்பட்டே உள்ளன. படிப்பவர் அருகினர் என்பதே குறை.

இன்னொன்று, வேகம். நீண்ட சரத்தின் வாலில் ஒரு வரியைக் கூட்டற்குறியாற் சேர்க்குந்தோறும், பழைய சரம் முழுவதும் புதிய இடத்துக்குப் பெயர்த்து எழுதப்படலாம். களத்தில் ஒரு மரக்கால் நெல் வருந்தோறும் பழைய குவியலையெல்லாம் அள்ளி வேறிடத்திற் கொட்டுவார் உண்டோ? நூறு குறி கொண்ட வரிகள் ஆயிரத்தை இவ்வாறு சேர்த்தால், முடிவில் நிற்பது ஒரு லட்சம் குறி. பெயர்த்தெழுதப்படுவதோ ஏறத்தாழ ஐந்து கோடி. முன்னரே வேண்டிய இடத்தை ஒதுக்கிக்கொண்டு, இருக்கும் சரத்திலேயே சேர்க்கும் கட்டளைகள் அம்மொழியில் உள்ளன. அவற்றை வழங்கினால் இவ்வீண் உழைப்புப் பெரும்பாலும் நீங்கும்.

“நினைவகம் மலிந்துவிட்ட இக்காலத்தில் பைட்டை எண்ணிக்கொண்டிருப்பானேன்?” என்று எம் நண்பர் ஒருவர் கேட்டார். தம் கணிப்பொறியைப் பற்றியமட்டில் அவர் சொன்னது சரியே. ஆயினும் சரம் ஓரிடத்திலேயே தங்குவதில்லை. அது வேறொருவர் வகுத்த கலத்துக்குள் புகவேண்டும்; அக்கலத்தின் அளவு நம் பணப்பையைப் பொறுத்ததன்று.

எம் குறையையும் சொல்லிவிடுகிறோம். வகுப்பிற் சரங்களைக் கற்பிக்கையில் யாம் இதுகாறும் ஆங்கிலச் சொற்களையே உதாரணமாக எழுதி வந்தோம். அங்கே எழுத்தும் பைட்டும் ஒன்றேயாதலால் பிழை தலைகாட்டாது. அவலூர்பேட்டை, திருவண்ணாமலை என்று முதல் நாளே எழுதியிருந்தால் வித்தியாசம் முதல் நாளே தெரிந்திருக்கும். வருகிற ஆண்டு முதல், ஆய்வுக்கூடத்திற் கொண்டுவரப்படும் ஒவ்வொரு நிரலும் மாணாக்கரின் சொந்தவூர்ப் பெயரை முழுமையாக உள்வாங்கி முழுமையாக வெளியிட்டாலன்றி மதிப்பெண் இல்லை என்று விதிக்கவேண்டும் என்பது எம் கருத்து. கலத்துக்கு மேற்பட்டது வந்தால் வாய்பேசாமல் வெட்டுதல் கூடாது. பிழையென்று சொல்லி நிற்கவேண்டும் என்பதும் அவ்விதியிற் சேர்க.

அம்மாணாக்கர் தம் நிரலைத் திருத்திவிட்டார். இப்பொழுது செய்தியின் நீளம் முதலிலும், விலை அதனை அடுத்தும், ஊர்ப்பெயர் முதலியன பின்னும் வருகின்றன. சொல்லிய நீளமும் வந்த நீளமும் ஒவ்வாவிடின் மறுமுனை அச்செய்தியை ஏற்பதேயில்லை. “முன்பு நாள் தவறாமல் வந்தது, இப்போது சில நாள் வருவதேயில்லை” என்று தந்தையார் குறைப்படுகிறாராம்.