கட்டுரையிலிருந்து கண்ணுக்கு!

அமிலம் தெறித்தோ சுண்ணாம்பு பட்டோ வெந்துபோன கண்ணுக்கு, தானமாகப் பெற்ற கருவிழியைப் பொருத்தினால் மட்டும் பார்வை மீண்டுவிடுவதில்லை. கருவிழியின் மேற்படலத்தை ஓயாது புதுப்பிக்கும் குருத்தணுக்கள் (ஸ்டெம் செல்கள்) அதன் விளிம்பில் உள்ளன. அவை அழிந்துவிட்டால் புதிய கருவிழியும் நாளடைவில் மங்கிவிடும்.

ஒரு கண் மட்டும் பாதிக்கப்பட்டிருந்தால், மறு கண்ணின் விளிம்பிலிருந்து சிறு துணுக்கை எடுத்துப் பொருத்தலாம். ஆய்வகமே தேவைப்படாத எளிய முறையை ஹைதராபாத் மருத்துவர்கள் 2012-இல் வெளியிட்டனர். இரு கண்களும் பாதிக்கப்பட்டவர்களின் நிலைதான் கவலைக்குரியது. ஜப்பானில் அத்தகைய நால்வரின் வாயின் உட்புறத்திலிருந்து உயிரணுக்களை எடுத்து, ஆய்வகத்தில் படலமாக வளர்த்துக் கண்ணில் பொருத்தியதில் நால்வருக்கும் பார்வை மேம்பட்டது. 2004-இல் வெளியான ஆய்வு முடிவு இது.

அங்கு கைகொடுத்தது, உயிரணுக்கள் வளர்ந்த தளம். வழக்கமான தட்டிலிருந்து அவற்றை நொதி கொண்டு பிரிக்கும்போது ஒன்றோடொன்று கொண்ட பிணைப்பு அறுந்துவிடுகிறது. வெப்பத்துக்கு ஏற்ப மாறும் பாலிமர் பூசிய தளத்திலோ, 37 டிகிரி செல்சியஸில் அவை ஒட்டி வளர்கின்றன. 32 டிகிரிக்குக் கீழே குளிர்வித்தால் பூச்சு நீரை ஈர்த்து, படலத்தைச் சிதையாமல் விடுவிக்கிறது.

கருவிழி உயிரணுக்களுக்கென இத்தகைய பூச்சு ஒன்றை உருவாக்கி 2010-இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர், திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல், தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள். 1980-இல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் தேசிய முக்கியத்துவம் பெற்ற நிறுவனம் அது. மூன்று மாதிரிகள் தோற்ற பின்னரும் தளராமல் நான்காவதாக உருவாக்கி, 1990 டிசம்பரில் முதன்முதலாக நோயாளிக்குப் பொருத்திய இதய வால்வு, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குப் பயன்பட்டுள்ளது. தோல்விகளையும் பொறுத்துக்கொண்டு அரசு தந்த ஆதரவே அதைச் சாத்தியமாக்கியது.

ஆய்வகத்தில் பெருக்கப்படும் குருத்தணுக்களிலிருந்து பெறும் மருந்துப் பொருள்களை 2019-ஆம் ஆண்டு விதிகள் 'புதிய மருந்து' என்கின்றன. முறையான பரிசோதனையும் ஒப்புதலும் இன்றி அவற்றை விற்க முடியாது. நிரூபிக்கப்படாத 'ஸ்டெம் செல் சிகிச்சை'யைக் காட்டிப் பணம் பறிக்கும் மையங்கள் உள்ள நாட்டில் இந்தக் கண்டிப்பு அவசியமே. அதைத் தளர்த்தக் கூடாது.

ஆனால், ஒவ்வொரு நோயாளிக்கும் தனித்தனியே உயிரணு வளர்த்துப் பரிசோதிக்கப் பெரும் செலவாகும். லாபத்தை எதிர்பார்க்கும் நிறுவனங்கள் தயங்கும் இடத்தில் அரசுதான் முன்வர வேண்டும். வாய் உயிரணுப் படலத்தைக் கண்ணில் பொருத்தும் சிகிச்சைக்கு ஜப்பான் 2021-இல் ஒப்புதல் அளித்தது. பதினேழு ஆண்டுகள் விடாமல் முயன்றதன் பலன் அது.

பொது நிறுவனங்களின் இத்தகைய ஆய்வுகளை மருத்துவமனை வரை கொண்டுசெல்லத் தனி நிதியும், பல மருத்துவமனைகள் பகிர்ந்துகொள்ளும் உயிரணு வளர்ப்புக் கூடங்களும் தேவை. விதிகளை மீறுவோர் விளம்பரத்தால் செழிக்க, விதிகளை மதிப்போர் நிதியின்றிக் காத்திருப்பது முறையன்று. தான் சட்டமியற்றி உருவாக்கிய நிறுவனத்தின் கண்டுபிடிப்பு கட்டுரையோடு நின்றதா, கண்ணுக்குப் போய்ச் சேர்ந்ததா என்று ஆண்டுதோறும் கேட்கும் கடமை நாடாளுமன்றத்துக்கு உண்டு.