வாசிக்கப்படாத ஊராட்சிக் கணக்கு

மிளகாய் வற்றலை மண்டிக்கு ஏற்றிச் செல்லும் நரிக்குடி வட்டார விவசாயி, எடை போடும்போது தராசை விட்டுக் கண்ணை எடுப்பதில்லை. கழிவு எவ்வளவு, தரகு எவ்வளவு, வண்டிக்கூலி எவ்வளவு என்று சிட்டையை வரிவரியாகப் பார்த்து, கணக்கு ஒத்து வந்த பிறகே பணத்தை மடியில் முடிகிறார். அதே விவசாயி தம் ஊராட்சியின் ஆண்டுக் கணக்கைப் பார்த்திருக்கிறாரா என்று கேட்டால், பெரும்பாலும் இல்லை என்றே பதில் வரும். கொரோனா காலத்தில் முடிந்த இரண்டு ஆண்டுக் கணக்குகளைப் பொறுத்தமட்டில் அவரைக் குறை சொல்லவும் வழியில்லை. கணக்கைப் பார்க்க வேண்டிய சபையே அப்போது கூடவில்லை.

2016 அக்டோபர் முதல் மூன்று ஆண்டுகளுக்கு மேல் தனி அலுவலர்கள் பொறுப்பில் இருந்த ஊராட்சிகள், 2019 டிசம்பர் 27, 30 ஆகிய நாள்களில் நடந்த தேர்தலுக்குப் பின், 2020 ஜனவரி 6 ஆம் தேதி தேர்ந்தெடுக்கப்பட்டவர்களிடம் வந்து சேர்ந்தன. அவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து மூன்று மாதம் ஆகுமுன் ஊரடங்கு வந்துவிட்டது. மார்ச் 31 ஆம் தேதி நிதியாண்டு முடிந்தபோது நாடே வீட்டுக்குள் இருந்தது. ஆக, 2019-20 ஆம் ஆண்டில் முதல் ஒன்பது மாதச் செலவு தனி அலுவலர் செய்தது. கடைசி மூன்று மாதச் செலவு தலைவர் செய்தது. இரண்டு கைகள் எழுதிய இப்படிப்பட்ட கணக்கையல்லவா ஊர் கூடி உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும்?

ஊராட்சியின் வரவு செலவுத் திட்டத்தையும் தணிக்கை அறிக்கையையும் ஆராய்ந்து ஏற்பது கிராம சபையின் வேலை என்று 1994 ஆம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் சொல்கிறது. ஆனால் 2020 ஜனவரி 26க்குப் பிறகு மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி என்று ஒவ்வொரு கூட்டமாக ரத்து செய்யப்பட்டது. 2021 அக்டோபர் 2 ஆம் தேதிதான் மறுபடி சபை கூடியது. அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் மதுரை மாவட்டம் பாப்பாபட்டி கிராம சபையில் கலந்துகொண்டார். இடையில் போனது 20 மாதம். நோய்ப் பயம் உண்மையானதுதான், மறுப்பதற்கில்லை. ஆனால் மதுக்கடைகள் 2020 மே மாதத்திலேயே திறந்தன. 2021 ஏப்ரல் 6 ஆம் தேதி சட்டமன்றத் தேர்தலும் பிரசாரக் கூட்டங்களோடு நடந்து முடிந்தது. வேப்பமரத்தடியில் ஐம்பது பேர் தள்ளித் தள்ளி உட்கார்ந்து கணக்குக் கேட்பதற்குத்தான் இடமில்லாமல் போயிற்று.

அந்தச் சமயத்தில் வந்த பணம் சிறிதல்ல. 15வது நிதிக்குழுவின் சிபாரிசுப்படி 2020-21 இல் நாடு முழுவதும் ஊரக உள்ளாட்சிகளுக்கென ஒதுக்கப்பட்டது 60,750 கோடி ரூபாய். அதில் ஒரு பாதியைச் சுகாதாரத்துக்கும் தண்ணீருக்கும் மட்டுமே செலவிடலாம் என்று நிபந்தனை இருந்தது. தண்ணீர் என்றால் மோட்டாரும் குழாயும் மட்டுமல்ல, மழைநீர் சேகரிப்பும் அதில் அடங்கும். இந்தக் கரிசல் காட்டில் மழைநீர் சேகரிப்பு என்றால் ஊரணிதான். வீரசோழன், கட்டனூர், அ.முக்குளம் பக்கத்து விவசாயிகள் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது: அந்தத் தண்ணீர்ப் பணத்தில் ஊரணிக்கும் அதன் வரத்துக் காலுக்கும் போனது எவ்வளவு, புதுத் தொட்டிக்கும் பைப்புக்கும் போனது எவ்வளவு?

கொரோனாச் செலவு என்று எழுதப்பட்டவற்றையும் பார்க்கத்தான் வேண்டும். பிளீச்சிங் பவுடர், கிருமிநாசினி, முகக்கவசம், கபசுரக் குடிநீர் என்று பட்டியல் நீளும். புதிதாக வந்த தலைவர்கள் பலர் அந்த நாள்களில் தெருத்தெருவாக நின்று வேலை பார்த்தார்கள். தூய்மைப் பணியாளர்கள் உயிரைப் பணயம் வைத்தார்கள். சந்தேகமே தொழிலாகக் கணக்கைத் திறப்பது அவர்களுக்குச் செய்யும் அநியாயம். வாங்கிய மூடை எத்தனை, தூவியது எத்தனை, மிச்சம் எத்தனை என்று இருப்புப் பதிவேட்டைப் பார்த்தால் போதும். யூரியா மூடையை எண்ணத் தெரிந்தவருக்கு இது பெரிய வித்தையல்ல. மார்ச் கடைசி வாரத் தேதியிட்ட செலவுச் சீட்டுகளை மட்டும் சற்று நிதானமாகப் படிக்கலாம்.

செலவைவிடக் கவனிக்க வேண்டியது வரவு. ஊராட்சியில் தணிக்கை செய்வது துணை வட்டார வளர்ச்சி அலுவலர்; சில ஊராட்சிகளை மட்டும் உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறை மாதிரிக்காகப் பார்க்கும். இவர்கள் பார்ப்பது காகிதத்தை. காசோலையில் தலைவர், துணைத் தலைவர் இருவர் கையெழுத்தும் இருக்கிறதா, செலவுச் சீட்டு இருக்கிறதா, தீர்மானம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். எழுதிய செலவில் தப்பிருந்தால் அவர்கள் கண்ணில் படும். எழுதாமலே விட்ட வரவு எப்படிப் படும்? கண்மாய்க்குள் வளர்ந்த சீமைக்கருவேலை வெட்டிக் கரிமூட்டம் போட்டதும், லாரி லாரியாக விறகு போனதும் கரையில் மாடு மேய்த்தவருக்குத் தெரியும். எத்தனை லாரி என்றுகூடச் சொல்வார். ஏலம் விட்டது யார், எடுத்தது யார், தொகை எந்த ரசீதில் வரவு வைக்கப்பட்டது என்பதைத் தணிக்கை அதிகாரியால் ஊகிக்க முடியாது. ஊரால் கேட்க முடியும்.

மீன்பாசிக் குத்தகையும் அப்படியே. அது பசலிக் கணக்கில் ஓடுவது. பசலி 1430 என்பது 2020 ஜூலையில் தொடங்கி 2021 ஜூனில் முடிந்தது. ஊராட்சிக் கணக்கோ மார்ச்சில் முடிகிறது. ஒரே குத்தகைத் தொகை இரண்டு நிதியாண்டுகளில் விழும்போது, இரண்டிலும் இல்லாமல் நழுவிவிடவும் இடமுண்டு. 2021 ஜனவரியில் பருவம் தப்பிப் பெய்த மழை தென்மாவட்டங்களில் பயிரைக் கெடுத்தது. ஆனால் தண்ணீர் நின்ற கண்மாய்களில் மீனும் இருந்திருக்கும். ஆயக்கட்டு 100 ஏக்கருக்குக் குறைந்த கண்மாய்கள் ஊராட்சி ஒன்றியத்தைச் சேர்ந்தவை, பெரியவை நீர்வளத் துறையைச் சேர்ந்தவை. ஆகவே உங்கள் ஊர்க் கண்மாய் யாருடையது என்று தெரிந்துகொண்டு, குத்தகை விவரத்தை அங்கே கேட்க வேண்டும்.

வீட்டு வரி பற்றி ஒரு வார்த்தை. ஊரடங்கில் வரி கட்ட முடியாதவர் பெயரில் அது நிலுவையாக நிற்க வேண்டும். கட்டியவர் ரசீதை எடுத்துப் போய்ப் பதிவேட்டோடு ஒத்துப் பார்ப்பது நல்லது.

இத்தனை வருடம் கழித்து எதற்கு என்று சிலர் கேட்கலாம். அன்றைய தலைவர்களின் பதவிக்காலமும் 2025 ஜனவரி 5 ஆம் தேதியோடு முடிந்து, நிர்வாகம் மீண்டும் தனி அலுவலர்களிடம் போனது. ஆள் மாறலாம், பதிவேடு ஊராட்சியின் சொத்து. தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டணத்தோடு விண்ணப்பித்தால் 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். நிதிக்குழு மானியச் செலவுகளை 2020 ஏப்ரலில் தொடங்கிய இ-கிராம் சுவராஜ் தளத்திலும் பார்க்கலாம். வீட்டில் கைப்பேசி வைத்திருக்கும் பிள்ளைகள் எடுத்துக் காட்டுவார்கள்.

வழக்கமாக மார்ச் 31க்குப் பிறகு வரும் முதல் கிராம சபை மே தினத்தில்தான். 500 பேர் வரை உள்ள ஊராட்சியில் 50 பேரும், 3,000 வரை உள்ள ஊராட்சியில் 100 பேரும் வந்தால்தான் அது சபை. முடிந்த ஆண்டின் கணக்கோடு 2019-20, 2020-21 கணக்குகளையும் சேர்த்து வாசிக்கச் சொல்லி, அந்தக் கோரிக்கையைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் செய்து, எழுதியதைப் படித்துப் பார்த்த பிறகே கையெழுத்திட வேண்டும். வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு பிறகு எழுதிக்கொள்ளும் பழக்கம் இருக்கும் ஊர்களில், முதலில் அதை நிறுத்தச் சொல்லலாம்.